எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள்?

அக்கா சம்பலைத் தொடவில்லை.

புழுங்கல் அரிசிச் சோறு, ஒட்டி மீன் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, செத்தல் மிளகாய் இடித்துப் போட்ட தேங்காய்ச் சம்பல். சம்பலை இடித்தது அக்காதான். எனக்கும் தன் மகளுக்கும் அள்ளி வைத்துவிட்டுத் தன்னுடைய சோற்றுக் கோப்பையில் பால்கறிக் குழம்பை மட்டும் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சம்பல் போடேல்லையோ?"

"உறைக்குதடா."

"நீங்கள் இடிச்சது உங்களுக்கே உறைக்குதோ?"

"வயசு போகுதெல்லோ. நீ சாப்பிடு."

கொழும்பில் எங்கள் ஆட்களை அடித்துக் கலைத்த கலவரம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மாரி தொடங்கவில்லை. நாரந்தனையில் அக்கா வீட்டுக் குசினி. வெளியே காற்றுக்குப் பனையோலை உரசுகிற சத்தம். "உறைக்குது" என்ற அந்த ஒரு சொல்லை அந்த வருஷம் முழுக்க ஆசுபத்திரியில் வேறு வேறு வாய்களில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். கையெழுத்துப் போடப் பழகியதே சம்பளம் எடுப்பதற்காகத்தான். இந்தத் தொடரை நான் சொல்லச் சொல்ல, அக்காவின் மகள் வசந்தி எழுதுகிறாள். என் பேச்சைப் பேப்பருக்கு ஏற்றபடி திருத்துவதும் அவள்தான். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன். இப்போது கடதாசித் தட்டுப்பாடு. இந்தப் பேப்பரே பள்ளிக்கூடக் கொப்பித்தாளில்தான் அச்சாகிறது. அதனால் இரண்டு பக்கமும் பொடி எழுத்தாக எழுதுகிறாள்.

இந்தக் கிழமை என்ன கதை என்று அவளுக்கு நான் முதலில் சொல்லவில்லை. எத்தனையோ கிழமையாக இதைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கடல் கதை சொன்னேன், புயல் கதை சொன்னேன். இனித் தள்ள என்னிடம் வேறு கதை இல்லை.

படம் போட்ட கடதாசி

எங்கள் தீவு ஆசுபத்திரியில் நான் ஓடலி. ஆட்களைத் தூக்குவது, புண் கழுவுவது, மருந்துப் போத்தல் கழுவுவது, செத்தவரைத் துடைப்பது எல்லாம் என் வேலை. முப்பது வருஷத்துக்குக் கிட்ட அங்கே இருந்தேன்.

அந்த நாளில் ஒரு இளம் டொக்டர் வந்தார். வடமராட்சிப் பக்கத்து ஆள். நல்ல உயரம், கதவு நிலையில் தலை முட்டும். வந்து ஆறு மாதம் போகவில்லை, ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"சின்னையாண்ணை, இந்தத் தீவுகளில ஏன் இவ்வளவு பேருக்கு வாயில வருகுது?"

என்ன வருகிறது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அந்த நோயை ஒருவரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அந்த வருத்தம்' என்பார்கள். பாம்பைப் பேர் சொல்லாமல் விடுகிற மாதிரித்தான்.

வாய் நோவென்று வருகிற ஒவ்வொருவரிடமும் விசாரித்து எழுதிவைக்க வேண்டும் என்று டொக்டருக்கு ஒரு எண்ணம். என்ன தொழில், என்ன பழக்கம், எத்தனை வருஷமாக, முதலில் எப்போது கண்டது என்று எல்லாம். எழுதுகிற ஆள் கிடைக்கவில்லை. எனக்கோ எழுதத் தெரியாது. அவர் யோசித்துவிட்டு ஒரு கடதாசியில் படம் கீறினார். நடுவில் ஒரு ஆள் தலை, இரண்டு கன்னமும் பெரிதாக. பக்கத்தில் ஒரு வெற்றிலை, ஒரு போயிலைத் துண்டு, ஒரு சுருட்டு, ஒரு கள்ளு முட்டி. கீழே ஒரு தோணியும் மண்வெட்டியும். எல்லாவற்றுக்கும் அடியில் மூன்று விரல்.

"இருக்கிறதுக்கு மேல ஒரு கோடு போடுங்கோ. அது காணும்."

முதல் நாள் அவர்தான் கேட்டார். வந்தது ஒரு அம்மா, வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்குகிறவர்.

"புகையிலை பாவிக்கிறனீங்களோ அம்மா?"

"சிவசிவா! நானோ?"

பல் எல்லாம் காவி. டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, இப்பிடிக் கேட்டா ஒருத்தரும் சொல்லாயினம்."

"அப்ப என்னண்டு கேக்கிறது?"

நான் கதிரையை இழுத்து அந்த அம்மாவுக்குக் கிட்டப் போட்டேன்.

"அக்கா, எந்தக் கன்னத்தில அடக்கிறனீங்கள்?"

"இடப்பக்கம்தான் தம்பி. வலப்பக்கம் கடைவாய்ப் பல்லு இல்லையெல்லோ, நிக்காது."

"படுக்கேக்கையும்?"

"அது இல்லாட்டி நித்திரை வராது."

டொக்டர் சிரித்தார். பிறகு அந்த அம்மாவின் வாய்க்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். இடப்பக்கம். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து கேட்பது என் வேலை. போடுவீர்களா என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. எந்தக் கன்னம் என்றுதான் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பொய் சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை. அடக்கிக்கொண்டு படுப்பவர்களின் தலையணையில் ஒரு பக்கம் செங்காவி நிறத்தில் கறை இருக்கும். அதையும் கேட்பேன். சொல்கிற கன்னமும் கறைப் பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

எழுவைதீவிலிருந்து ஒரு கடல்தொழிலாளி வந்தார். கன்னம் வெளியே ஓட்டை விழுகிற நிலை. அவர் சொன்னார்:

"விடியக் கடலுக்குப் போனா ஆர் எனக்குச் சோறு கொண்டு வாறது? பசிச்சா ஒரு கிள்ளு போயிலை. குளிர்ந்தா ஒரு சுருட்டு. உதுதான் அண்ணை என்ர சோறு."

நயினாதீவிலிருந்து கோயில் பூசை செய்கிற குடும்பத்து அம்மா ஒருவர் வந்தார். நான் கோடு போடப் போனதும் கையைப் பிடித்தார்.

"கீறாதையுங்கோ. கோயில் ஆக்களெல்லோ."

"இது வெறும் தலை அம்மா. பேர் இல்லை."

"அப்ப தலையில பொட்டு வைச்சுப் போடாதையும். பொட்டில்லாட்டி நான் எண்டு தெரியாது."

அந்த நோவிலும் அவருக்குப் பகிடி.

முடியட்டும்

படத்தில் இருந்த மூன்று விரல் எதற்கென்றால், நோயாளி தன் மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க வேண்டும். நல்ல வாயென்றால் மூன்றும் போகும். பாக்கும் வெற்றிலையும் போட்டுப் போட்டு உள்தோல் இறுகினால் இரண்டு போகும், பிறகு ஒன்று. அதற்கும் முன்னால் வருகிற அடையாளம்தான் உறைப்பு. காலம் முழுக்கக் கொச்சிக்காய் கடித்தவருக்குத் திடீரென்று சம்பல் எரியும்.

ஆட்கள் அந்த நேரத்தில் வரமாட்டார்கள். கன்னம் வீங்கி, மணக்கத் தொடங்கிய பிறகுதான் வருவார்கள்.

"ஏன் பிந்தி வந்தனீங்கள்?" என்று டொக்டர் ஒவ்வொருவரிடமும் கேட்பார்.

"வெங்காயம் கிண்டி முடியட்டும் எண்டு இருந்தனான்."

"கோயில் திருவிழா முடியட்டும் எண்டு."

"மோளின்ர பிள்ளைப்பேறு முடியட்டும் எண்டு."

"நோகேல்லைத்தானே ஐயா. நொந்தா வந்திருப்பன்."

ஒருநாள் டொக்டர் பேனையை மேசையில் எறிந்தார்.

"முடியட்டும், முடியட்டும்! இந்தத் தீவில இதைவிட்டா வேற மருந்தே இல்லையோ?"

நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்ற நினைப்பு. பின்னேரங்களில் சந்தியில் நின்று, இன்னார் வாயில் இன்ன பக்கம் வரும் என்று சாத்திரம் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பல்லுக்கொதி

அக்கா பாக்கியம் என்னைவிட நாலு வயது மூப்பு. அத்தான் செத்துக் கன வருஷம். பிள்ளைகளில் மிஞ்சியது கடைசியாகப் பிறந்த வசந்தி மட்டும். தோட்டமும் பனையும் பார்த்து அவளை அக்கா தனியாகத்தான் வளர்த்தார். அக்காவுக்கு இருந்த ஒரே சொகுசு வெற்றிலை. இடக்கன்னம். எனக்கு அதைக் கேட்டறிய வேண்டியதில்லை, சின்ன வயதிலிருந்தே பார்த்தது.

சம்பலை ஒதுக்கி ஒரு மாதம் போயிருக்கும்.

"தம்பி, பல்லுக்கொதி தாங்கேலாமல் கிடக்கு. வேலணையில விக்கிற மனிசனிட்ட நல்ல காரமான போயிலையாப் பார்த்து வாங்கி வா. கராம்பும் வைச்சு அடக்கினா நிண்டிடும்."

எங்கள் பக்கத்தில் பல்லுக்கொதிக்கு அதுதான் கைமருந்து. கராம்பும் போயிலையும் வைத்தால் அந்த இடம் விறைத்துப்போகும், கொதி நிற்கும். ஆசுபத்திரியில் பகல் முழுக்கப் போயிலைப் படத்துக்கு மேல் கோடு போட்ட நான், சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலணைக்குப் போய், மணந்து பார்த்து, காரமானதாகத் தெரிந்து வாங்கி வந்து கொடுத்தேன். ஒரு சனி இல்லை. கன சனி.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வேறு ஆளின் அக்கா என்றால் அது வருத்தம். என் அக்கா என்றால் பல்லுக்கொதி. அவ்வளவுதான்.

ஒரு பகல் வசந்தி தையல் வகுப்புக்குப் போயிருந்தாள். அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மூண்டு விரலை வாய்க்குள்ள வையுங்கோ பாப்பம்."

"உன்ர ஆசுபத்திரி விளையாட்டை அங்கை வைச்சுக்கொள்."

"வையுங்கோ எண்டுறன்."

மீன் கையைக் கழுவிவிட்டு வைத்தார். ஒரு விரல்தான் போனது. நான் தாடையைப் பிடித்து முற்றத்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இடக்கன்னத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. நடுவில், விளிம்பு தடித்த ஒரு சிவப்புப் புண்.

"இது எப்ப தொடக்கம்?"

அக்கா வாயை மூடிக்கொண்டு மீனைத் திரும்ப எடுத்தார்.

"அவளின்ர கலியாணம் முடியட்டும் தம்பி."

அந்தச் சொல்லை என் அக்கா வீட்டுக் குசினியிலும் கேட்டேன்.

"இது கூடாத வருத்தம் அக்கா. உடன காட்டோணும்."

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீ? அவளுக்கு வயசு இருபத்தேழு. நாலு இடம் பேசி முறிஞ்சது. இப்பத்தான் வேலணையில ஒரு வாத்தியார்ப் பெடியன் சரிவந்திருக்கு. தாய்க்காரி முதலே கேட்டுப்போட்டா, உங்கட பகுதியில பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு."

"இது பரம்பரை இல்லை, தொத்திறதும் இல்லை. உந்தப் போயிலைதான் எண்டு டொக்டர் சொல்லுறார்."

"உன்ர டொக்டர் வேலணைக்கு வந்து சொல்லுவாரோ?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"உன்ர கடதாசியில என்ர தலையைக் கீறினியெண்டால், செத்தாலும் நீ எனக்குக் கொள்ளி வைக்க வரக்கூடாது. அவளுக்கும் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். மீன் செதில் ஒட்டிய கையில் அடித்துத்தான் சத்தியம் பண்ணினேன்.

அதற்குப் பிறகு இரண்டு சனி போயிலை வாங்கவில்லை. மூன்றாம் சனி, கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அக்கா வாசல் படலையில் நின்றார். நான் சைக்கிளை வேலணைப் பக்கம் திருப்பினேன்.

சம்பந்தி மடித்த வெற்றிலை

கலியாணத்தை முற்றாக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள் நல்ல வெயில். பாய் விரித்து, பலகாரம் வைத்து, தேத்தண்ணி கொடுத்தோம். கதையெல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் தாய் வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் தன் கையால் மடித்துத் தருகிற வெற்றிலையைப் பெண்ணின் தாய் அங்கேயே, எல்லார் முன்னாலும் போட வேண்டும். அதோடு பேச்சு முற்று. வாங்கி மடியில் வைத்தால் மனமில்லை என்று அர்த்தம்.

அந்த அம்மா தாராளமான கைக்காரி. வெற்றிலை இரண்டு, சீவல் ஒரு கை, போயிலை. சுண்ணாம்பை விரலால் வழித்து முழு வெற்றிலைக்கும் பூசினார். புண் கழுவுகிறவன் நான். திறந்த புண்ணில் சுண்ணாம்பு பட்டால் என்னவென்று எனக்குத் தெரியும்.

"இந்தாருங்கோ அக்கா. இனி நீங்களும் நாங்களும் ஒண்டு."

அக்கா வாங்கினார். அந்த மடிப்பு அவர் வாய்க்குள் போகாது. விரலால் இன்னும் சின்னதாக மடித்து, ஓரத்தால் நுழைத்தார். பிறகு மென்றார். மெல்ல மெல்ல, ஆறுதலாக, சிரித்த முகத்தோடு மென்றார். கண்ணால் நீர் கொட்டியது.

"ஐயோ, மகளைப் பிரியப்போற கவலை," என்று மாப்பிள்ளையின் தாயும் கண்ணைத் துடைத்தார்.

"ஓம்," என்றார் அக்கா. வாய் திறக்கவில்லை, தலையால்தான்.

வசந்தி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அவர்கள் போன பிறகு அக்கா அங்கே வந்து வாய் கொப்பளித்தார். நெடுநேரம் கொப்பளித்தார்.

"நல்ல சுண்ணாம்பு தம்பி. கன்னத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி இருக்கு," என்றார்.

கலியாண நாள் மூன்று மாதம் தள்ளித்தான் கிடைத்தது. அந்த மூன்று மாதமும் நான் ஆசுபத்திரியில் மற்றவர்களின் கன்னங்களில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் சடங்குக்கு அடுத்த நாள்

கலியாணம் நல்லபடி முடிந்தது. நாலாம் சடங்கு முடிந்த அடுத்த நாள் அக்காவே வெளிக்கிட்டு நின்றார், சீலைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டு.

"இப்ப கூட்டிக்கொண்டு போ."

எங்கள் டொக்டர் வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். வெளிச்சத்தை நிற்பாட்டினார். அவர் ஏசுவார், பேனையை எறிவார் என்று நின்றேன். அவர் இரண்டும் செய்யவில்லை.

"சின்னையாண்ணை, இது உங்களுக்குத் தெரியும்," என்றார்.

அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். அங்கிருந்து கொழும்பு. கலவரத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அக்காவுக்குக் கரண்ட் பிடிக்க வேண்டும் என்றார்கள். நெருப்பில்லாமல் சுடுகிற வைத்தியம் அது.

அந்த வார்ட்டை மறக்க முடியாது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள், சிங்களக் கிராமத்து ஆட்கள், கிழக்கில் மீன்பிடிக்கிற ஆட்கள் எல்லாம் அங்கே. பாஷை வேறு வேறு. எங்கள் தீவு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே எல்லாரும் கைகாலால் உழைத்தவர்கள், எல்லாரும் பிந்தி வந்தவர்கள். எல்லாத் தலையணையிலும் ஒரு பக்கம் கறை.

அக்காவின் அடுத்த கட்டிலில் ஒரு சிங்கள மனுசி. இவருக்கு அந்தப் பாஷை தெரியாது, அவருக்கு இது தெரியாது. முதல் நாளே அந்த மனுசி அக்காவைப் பார்த்துத் தன் வலக்கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அக்கா தன் இடக்கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

"அவ வலம்," என்று அக்கா எனக்குச் சொன்னார், ஒரு ஊர்க்காரியைக் கண்ட மாதிரி.

கரண்ட் பிடித்துத் திரும்பி வந்தோம். கொஞ்ச நாள் கஞ்சி குடித்தார். கதைக்க ஏலாமல் போன பிறகும் வசந்தியின் கையைப் பிடித்து வளையலை எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்த மாரிக்கு அக்கா இல்லை. கொள்ளி நான்தான் வைத்தேன்.

டொக்டர் மாற்றமாகிப் போகும்போது கடதாசிகளை எல்லாம் பெட்டியில் கட்டினார். வெறும் கடதாசி ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார்.

"அக்காவின்ரயை நீங்களே கீறித் தாங்கோ. விருப்பம் எண்டா மட்டும்."

கீறினேன். வெற்றிலைக்கு ஒரு கோடு, போயிலைக்கு ஒன்று, மண்வெட்டிக்கு ஒன்று, இடக்கன்னத்துக்கு ஒன்று. மூன்று விரலில் ஒரு விரலுக்கு. எல்லாம் போட்ட பிறகும் கையில் பேனையோடு இருந்தேன். போயிலை வாங்கிக் கொடுத்த ஆளுக்கு அதில் படம் இருக்கவில்லை. தெரிந்தும் வாய் திறக்காத ஆளுக்கும் இருக்கவில்லை.

கறை

இதுவரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். வசந்தி எழுதி முடித்துவிட்டுப் பேனையை மூடினாள். சத்தியம் பண்ணியதால் இத்தனை வருஷமும் அவளுக்கு நான் சொல்லாத கதை இது. தன் கலியாணத்துக்காகத்தான் தாய் பொறுத்துக்கிடந்தார் என்று அவள் தன் கையாலேயே எழுதவேண்டி வந்துவிட்டது.

அவள் எழும்பி உள்ளே போனாள். போத்தல் விளக்குக்குத் திரி திரிக்கிற மாதிரி ஏதோ செய்துகொண்டு நின்றாள். திரும்பி வர நேரமெடுத்தது.

"மாமா, அண்டைக்கு அம்மா சம்பல் போடாமல் சாப்பிட்டவ. நானும் பக்கத்திலதானே இருந்தனான்."

"ஓம் பிள்ளை."

"வீட்டில தலையணை உறை தோய்க்கிறது ஆர்?"

மறுமொழியையும் அவளே சொன்னாள்.

"வெத்திலை மாத்தின அண்டைக்கு அடுத்த நாள் விடிய உறையைக் கழட்டினனான். சின்னனில இருந்து தோய்ச்சவள் நான், வெத்திலைக் கறை எனக்குத் தெரியும். அது வெத்திலைக் கறை இல்லை மாமா."

"பேந்து ஏன் பிள்ளை நீ..."

"அப்ப எனக்கு இருபத்தேழு வயசு மாமா. முடியட்டும் எண்டுதான் நானும் இருந்தனான்."

அவள் திரும்ப இருந்து கடதாசியை மடியில் வைத்தாள். பேனையைத் திறந்தாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லத் தொடங்கவில்லை. அதற்குள்ளேயே தான் சொன்னதை எழுதத் தொடங்கியிருந்தாள்.